முழங்கால் சொன்னது

வாஹாக்ன் கிராஸ்னோடாரிலிருந்து அனுப்பிய புதுப் போனில்
எல்லாம் இருக்கிறது, ரேடியோ இல்லை.
அதற்கு நெட் வேண்டும், நெட்டுக்கு டவர் வேண்டும்,
டவருக்கு எங்கள் ஊர்மேல் ஒரு பிரியம் வேண்டும்.
அது அலமாரியில், தேன் ஜாடிகளுக்குப் பின்னால்
குப்புறப் படுத்துத் தூங்குகிறது.

மாடு மேய்க்க என்னோடு வருவது பழையதுதான்.
ஒன்பதாம் எண் தேய்ந்துவிட்டது.
மூடியை ரப்பர் பேண்ட் பிடித்திருக்கிறது. சிம் இல்லை.
யாரும் என்னைக் கூப்பிட முடியாது,
நான் கேட்கலாம், அவ்வளவுதான்.
காது ஒயரைச் செருகினால்தான் வாய் திறக்கும்.
இடது காதுக்கு ரேடியோ.
வலது பக்கம் எப்போதோ செத்துவிட்டது,
அந்தக் காதை மாடுகளுக்கு விட்டிருக்கிறேன்.

கீழே அகுரியான் ஆறு. அக்கரை துருக்கி.
நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷம்
எல்லையைச் சாத்தினார்கள்.
எதிர்க் கோபுரத்துக் காவல்காரப் பையன்
கொட்டாவி விடுவதுகூட இங்கிருந்து தெரியும்.
ஒயரை வைக்கோல் வாரும் முள்ளில் இரண்டு சுற்றுச் சுற்றினால்
அவன் ஊர் ஸ்டேஷன் சுத்தமாக விழும்.

எரெவான் சொல்லும் வானிலை எரெவானுக்கு.
எங்களுக்கு மேகம் மேற்கிலிருந்து வருகிறது.
மேற்கே இருப்பவனைத்தானே கேட்க வேண்டும்?

காலைச் செய்தி முடிந்ததும் ஒருவன் வாசிப்பான்.
பேர் தெரியாது, வறட்டு இருமல் தெரியும்.
மொழியும் தெரியாது. வானத்தை வைத்துத்தான் அர்த்தம் பார்த்தேன்.
யாமுர் என்றான், நனைந்தேன்.
மூன்று தடவை நனைந்தபின் அந்தச் சொல் எனக்குச் சொந்தம்.
கார் என்றான், பனி விழுந்தது.
எங்கள் பேச்சில் கார் என்றால் கல்.
கல் விழும் கல் விழும் என்று அவன் சொல்ல
வயல் பஞ்சாக வெளுக்கும்.
அவன் ஏழு மணி என்னும்போது இங்கே எட்டு.
ஒரு மணி நேரம் நாங்கள் முந்தி,
ஆனாலும் மழை முதலில் அவனுக்கு.

போன ஜூலையில் ஒரு நாள் இருமிவிட்டு, டோலு என்றான்.
அந்தச் சொல் தெரியாமல்தான்
அதற்கு முந்தின வருஷம் என் கன்றின் கண் போயிற்று.
ஓடினேன். கெகாம் தேன்பெட்டிகளுக்கு நடுவே நின்றான்,
தோளில் என்னவோ பழைய கம்பளங்கள்.
"மூடு, ஆலங்கட்டி."
"யார் சொன்னது?"

அவன் தாத்தா அந்த ஆற்றைத் தாண்டி வந்தவர்.
புறப்பட்டது ஏழு பேர்.
வந்து சேர்ந்தது அவரும் ஒரு செம்புப் பானையும்.
பானை இன்னும் அவன் அடுப்பில் இருக்கிறது.

"முழங்கால்" என்றேன். "முழங்கால் சொன்னது."

நாலு மணிக்கு வாத்துமுட்டை முட்டையாக விழுந்தது.

அப்புறம் ஊரே என் முழங்காலைத் தேடி வந்தது.
சனிக்கிழமை ஞானஸ்நானம், மேசையை வெளியே போடலாமா?
நூனுஃபார் கம்பளி துவைக்கலாமா?
பாதிரியார்கூட, யாரும் பார்க்காதபோது, கண்ணால் கேட்டார்.
வாஹாக்ன் தைலம் அனுப்பினான்.
மரியாதைக்குத் தடவிக்கொண்டேன்.

செப்டம்பரில் சிவப்பி ஒயரை மிதித்து அறுத்தாள்.
கிழங்கு தோண்டும் நேரம்.
ஆன்டெனா போய்விட்டது, "காது செருகவும்" என்று
திரும்பத் திரும்ப எழுதிக் காட்டுகிறது போன்.
ஒன்பது நாள்.
வந்தவர்களிடம் கால் மரத்துவிட்டது என்றேன்.
நூனுஃபார் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பத்தாம் நாள் கெகாம் வந்தான். உட்காரவில்லை.
செய்தித்தாளில் சுற்றிய எதையோ
வேலிக்கம்பின் தலையில் வைத்தான்.
மஞ்சளேறிய காது ஒயர், பலமுறை முடிச்சிட்டு அவிழ்த்தது.
ஒரு முனையில் தேன்மெழுகு.

"உன் முழங்காலுக்கு" என்றான்.

படலைத் தாண்டிப் போனவன் திரும்பினான்.
முகம் என்னைப் பார்க்கவில்லை, மேற்கைப் பார்த்தது.

"அந்த ஆளுக்கு இருமல் கூடியிருக்கு" என்றான்,
"யாராவது பார்த்துக்கிறாங்களோ என்னவோ."