விலகுவதற்கான காரணம்

அரைநாள் லீவு.
ஸ்கூட்டிக்கு ஐந்நூறு ரூபாய்க்குப் பெற்றோல்.
மூன்று பள்ளிக்கூடங்கள்.

விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிக்கு,
உதயநகரில் ஓர் ஒழுங்கைக்குள் வீடு.
வாடகை பேசியாயிற்று.
கிணறு சவர் என்று முன்னமே சொல்லிவிட்டார்கள்,
பரவாயில்லை, பவுசர் வரும்.
பள்ளிக்கூடத்துக்குத்தான் பவுசர் இல்லை.

முதலாவது, பெரிய பள்ளிக்கூடம்.
வாசலில் பதாகை.
புலமைப்பரிசில் சித்தியடைந்த நாற்பத்திரண்டு முகங்கள்
கழுத்துப்பட்டியோடு, ஒன்றுகூடச் சிரிக்காமல்.
மழை இறங்கிய மூலையில்
இரண்டு பிள்ளைகளின் பெயர் கரைந்திருந்தது.
அதிபரின் அறைக்கு வெளியே
பதினொரு அம்மாமார்.
எல்லோர் மடியிலும் ஒரே பைல்:
கிராம சேவகர் கடிதம், கரண்ட் பில், பிறப்புப் பத்திரம்.
"வகுப்பில ஐம்பத்திரண்டு பேர்.
கதிரை வாங்கித் தருவியளோ?"
எழுதுவினைஞர் பகிடி விடுகிறார் என்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

டிப்பரை ஓரங்கட்டிவிட்டு
சிவநேசன் போனில் சொல்கிறார்:
"றிசல்ட்டைப் பாரும், வேற ஒண்டும் பாக்காதேயும்."
நான் ஏ-ஒன்பது வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
இந்தப் பள்ளிக்கூடமென்றால்
என் பிள்ளைகள் இரண்டும்
அதை ஒரு நாளைக்கு இரண்டு தரம் கடக்கவேண்டும்.
பிறகு தண்டவாளம்.

இரண்டாவது குளக்கட்டுப் பக்கம்.
தரம் நான்கில் ஒன்பது பிள்ளைகள்.
கணக்கு ரீச்சர் பிரசவ லீவில்,
மூன்றாம் தவணைக்கு வருவாவாம்,
வந்தால்.
குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது.
மலசலகூடக் கதவின் உட்பக்கம் கொளுக்கி இருந்தது,
போட்டுப் பார்த்தேன், விழுந்தது.
எந்தப் பதாகையிலும் இதை அடிப்பதில்லை.
திரும்பி வரும்போது
முன்பல் இல்லாத ஒருத்தி வழிமறித்தாள்:
"நீங்களோ புதுக் கணக்கு ரீச்சர்?"
இல்லை என்றேன்.
வகுப்புக்குள் ஓடிப்போய்
எல்லோருக்கும் அறிவித்தாள்.

மூன்றாவதன் படலையோடு நின்றுவிட்டேன்.
அங்கே காவலாளி நீட்டிய தாளில்
மாதக் கட்டணம் என் சம்பளத்தில் பாதி.
தாள் நல்ல வழுவழுப்பு.

நான் பத்தாம் ஆண்டை
ஐந்து இடங்களில் படித்தவள்.
அதில் ஒன்றையும் அப்பா போய்ப் பார்த்துத் தெரியவில்லை.
ட்ராக்டர் எங்கே நின்றதோ
அதற்குக் கிட்ட எது இருந்ததோ அது.
ஒருமுறை நாங்கள் முந்திவிட்டோம்,
பள்ளிக்கூடம் பிந்தி வந்தது:
ஒரு கரும்பலகை, மணி,
அரைவாசி ரீச்சர்மார்.
எனக்கு, முப்பத்திரண்டு வயதில்,
மூன்றில் ஒன்று என்பது
எப்படிச் செய்கிற கணக்கென்று தெரியவில்லை.

விசுவமடுவில் விடுகைப் பத்திரத்துக்குப் படிவம் தந்தார்கள்.
விலகுவதற்கான காரணம்,
பக்கத்தில் இரண்டு விரல் நீளத்துக்குப் புள்ளிக்கோடு.
என்னுடைய பழைய பத்திரத்தில்
அந்த இடத்தில் கையெழுத்தே இல்லை.
ஒரே சொல்லை எத்தனை தரம் எழுதுவதென்று
முத்திரை செய்து குத்தியிருந்தார்கள்.

'தாயின் இட' என்று எழுதினேன்.
கை தன்பாட்டில் 'ப்' போட்டது.
வெட்டினேன்.
பக்கத்தில் 'மாற்றம்' என்று எழுதினேன்.
தபாற்கந்தோர் உத்தியோகத்தரின்
சாதாரண வருடாந்த இடமாற்றம்.
"வெட்டினால் சின்னக் கையொப்பம் வையுங்கோ" என்றார் அதிபர்.
வைத்தேன்.

குளக்கட்டுப் பள்ளிக்கூடம்தான்.
கணக்கை மூன்றாம் தவணை மட்டும் நான் சொல்லிக்கொடுப்பேன்,
முத்திரை விலையிலிருந்து தொடங்கலாம்.
சிவநேசனுக்கு இன்னும் சொல்லவில்லை.

கவிநிலா ஒன்றுமே கேட்கவில்லை.
துசாளினியின் அழிறப்பரை
திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறாள்.
ஆரணன்தான் படலைக்கு ஓடிவந்து,
ஹெல்மெற் கழற்ற முதல்:
"அம்மா, அங்க ஊஞ்சல் இருக்கோ?"

குழாய் பார்த்தேன், கொளுக்கி பார்த்தேன்.
ஊஞ்சல் பார்க்கவில்லை.