மங்களா நர்சிங் ஹோம், டிபன் ரெடி

எழுத்துகள் சிமெண்டில் புடைத்திருந்தன.
கொத்தி எடுக்க எட்டாயிரம் கேட்டார் மேஸ்திரி.
எட்டாயிரத்துக்குப் பாத்திரம் தேய்க்கத் தொட்டியே கட்டலாம் என்றேன்.
ஆகவே அல்சூர் சந்துக்குள், கட்டடத்தின் நெற்றியில்,
இன்றைக்கும் மங்களா நர்சிங் ஹோம்.
அதற்குக் கீழே ஒரு ஃபிளெக்ஸ்:
டிபன் ரெடி.

டாக்டரம்மா போய்ப் பதினோரு வருஷம்.
மகன் டொரண்டோவில் உட்கார்ந்து வாடகை எண்ணுகிறார்.
ஸ்டான்லிக்குக் கம்பெனி கொடுத்தனுப்பிய பணம்,
என் வளையல் நாலு,
நாத்தனார் பிலோமினா எடுத்த சீட்டு,
எல்லாம் நேராகப் போய்த்
தரைக்கடியில் குழாயாகப் படுத்துக்கொண்டன.

பிரசவ அறைதான் சமையலறை.
ஆள் உயரத்துக்கு வெள்ளை ஓடு, தண்ணீர் ஓட நல்ல வாட்டம்,
இதைவிட என்ன வேணும் என்றார் லைசென்ஸ் ஆள்,
மூக்கை உறிஞ்சிக்கொண்டே.
டெட்டால் வாசனை மூன்று மாதம் போகவில்லை.
சாம்பாரில் பெருங்காயம் தூக்கலாக விழுந்தது
அதனோடு மல்லுக்கட்டத்தான்; இப்போது அதுவே எங்கள் ருசி என்கிறார்கள்.
பெரிய விளக்கு மாட்டிய கொக்கியில்
வாழைத்தார் தொங்குகிறது.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு தட்டினார்கள்.
வலி கண்ட பெண், பையோடு மாமியார்,
பெயரைப் பார்த்து இறங்கிவிட்டிருந்தார்கள்.
பிலோமினா இரவு உடையோடு ஓடி ஆட்டோ பிடித்தாள்,
ஃபிளாஸ்கில் காபியும் ஊற்றிக் கொடுத்தாள்.
ஃபிளாஸ்க் திரும்பி வரவில்லை.

"நான் இங்கதான் பொறந்தேன்"
என்பார்கள் கை கழுவிக்கொண்டே.
ஆட்டோக்காரர், பேங்க்கில் வேலை பார்க்கும் பெண்,
பிறகு ஒரே மாதிரி மீசை வைத்த இரட்டையர்.
ஒருத்தர் மூணாம் நம்பர் ரூமில்தான் சாப்பிடுவேன் என்று
காலி மேஜைகளைத் தாண்டிப்போய் நிற்பார்.
பில்லை வைத்தால்,
பொறந்த வீட்டில் காசு வாங்குவீங்களா என்று சிரிப்பு.
வாங்குவோம்.
எங்கே பிறந்தவன் என்று கேட்டா சிலிண்டர் விற்கிறார்கள்?

பரணில் கிடந்த பதிவேடுகள் பதினேழு கிலோ.
எடைக்குப் போடச் சொன்னார் ஸ்டான்லி.
கல்லா மேஜையின் கால் ஒன்று குட்டை,
அதற்கு முட்டுக் கொடுக்கத்தான் வைத்துக்கொண்டேன்.
வேறு உத்தேசமில்லை.
தேதி, நேரம், எடை, ஆண் பெண்.
சில வரிகளில் கடைசிக் கட்டத்தில்
சிவப்பு மையில் ஒரு சின்னக் கோடு.
அதை யாரும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை தோறும் ஓர் அம்மாள் வருவார்.
இரண்டு இட்லி, ஒரு வடை, பார்சல்.
படிக்கு வெளியேதான் நிற்பார்.
உள்ளே வாங்க என்றால்
"செருப்பெல்லாம் சேறு."
வெயில் காலத்திலும் சேறு.

போன வாரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.
"புக்கு இருக்காமே."
வருஷத்தைச் சொன்னார், மாதத்தைச் சொல்லவில்லை.
நான் மாவுக் கையோடு எழுந்து வந்திருந்தேன்,
அப்படியே பிரித்துப் பிடித்தேன்.
அவர் விரல் மேலிருந்து கீழே இறங்கியது, பக்கம் பக்கமாக.
எந்த வரியிலாவது நின்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

"அந்த ரூம்ல ஒரு ஜன்னல் இருந்திச்சே"
என்றார், சமையலறையைப் பார்த்து.
புகைபோக்கிக்காக அடைச்சிட்டோம் என்றேன்.
ம்.
அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்டார்.
இரண்டு தரம் சட்னி கேட்டார்.
சில்லறை சரியாக வைத்தார்.

ராத்திரி கணக்கு முடித்துப் பார்க்கிறேன்,
என் கட்டைவிரல் மாவு காய்ந்து
அந்தப் பக்கமும் எதிர்ப்பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.
தண்ணி தொட்டா வந்துடும் அண்ணி என்கிறாள் பிலோமினா.
ஸ்டான்லி ஏதோ சொல்ல வாயெடுத்து
நாளைக்கு எவ்வளவு உளுந்து என்கிறார்.

நாலு கிலோ போடுங்க.
வெள்ளிக்கிழமை, கூட்டம் இருக்கும்.
மேஜை ஆடுது,
அதை முதல்ல அடியில வைங்க.