ஏழு, ஐந்து, ஒன்று, அப்புறம் காற்று

தூ-அஷூ கணவாய்க்குக் கீழே, மூன்றாவது வளைவில்
ஜாக்கியின் மேல் நிற்கிறது எங்கள் ஜில் லாரி.
பின்சக்கரத்தைக் கழற்றிச் சாய்த்துவிட்டானாம்.
ஹப்புக்குள் மண் போகாமலிருக்க
என் பழைய சால்வையைச் சுற்றியிருக்கிறானாம்.
பின்னால் ஆறு டன் பீன்ஸ், தலாஸ் வெள்ளை,
ஈரம் பட்டால் பாதி விலை.

இவ்வளவையும் தெளிவாகச் சொன்ன ஏசன்பெக்
பேரிங் எண்ணைச் சொல்லும்போது
ஏழு என்றான், ஐந்து என்றான், ஒன்று என்றான்.
நான்காவதைக் காற்று வாங்கிக்கொண்டது.

காரா-பால்தா சந்தையில்
கன்டெய்னரை வெட்டிக் கதவு வைத்த கடை.
என்னிடம் ஐயாயிரத்து அறுநூறு சோம்,
அதில் அறுநூறு பக்கத்துவீட்டுக் கடன்.
"எழுபத்தைந்து பதினைந்தா, பதினேழா?" என்கிறார் கெனாதி.
"இரண்டும் பின்சக்கரம்தான். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே.
மாற்றிக் கொண்டுபோனால்
உன் புருஷனுக்கு ஒரு சாம்பல் கிண்ணம் கிடைக்கும்."

அப்போதுதான் நினைவு வந்தது.
எங்கள் ஃப்ரிட்ஜுக்கு ஒரு கால் குட்டை.
அதன் அடியில் போன வருடம் செத்த பேரிங்,
இதே சக்கரத்தில் செத்தது.
பக்கத்துவீட்டு நூரிளாவைக் கூப்பிட்டேன்.
மூச்சு வாங்குவது கேட்டது, ஃப்ரிட்ஜ் முனகியது,
பால் பாத்திரமோ எதுவோ உருண்டது.
"மண்ணெண்ணெய் தொட்டுத் துடை. கடைசி எண் என்ன?"
"தலை தட்டை, அக்கா. வயிறு இல்லை.
ஏழுதான்.
பக்கத்தில் ஜெர்மனி என்று எழுதியிருக்கிறது,
ஒரு எழுத்து திரும்பி நிற்கிறது."

கெனாதி மூன்றை வைத்தார் பலகையில்.

ஜெர்மனி, ஐயாயிரத்து இருநூறு.
நீலப் பெட்டி, தங்க முத்திரை, பிளாஸ்டிக் உறை.
நான் பெயரைப் பார்க்கவில்லை, அந்த எழுத்தைப் பார்த்தேன்.
திரும்பி நின்றது.
போன வருடம் இதே விலையில்
பதினோரு மாதம் வாங்கியிருக்கிறோம்.

ரஷ்யப் பழசு, தொள்ளாயிரம்.
எங்கோ உருண்ட லாரியிலிருந்து எடுத்தது.
"அந்தக் காலத்து இரும்பு" என்று முத்தமிட்டுக் காட்டினார்.
காதோரம் வைத்துச் சுற்றினேன்:
சோற்றில் கல் அகப்பட்டதுபோல்
சுற்றுக்கு ஒரு நெருடல்.
வெளிச்சத்தில் சாய்த்தேன். ஒரு உருளையின் இடுப்பில்
நீலம். சூடு கண்ட நீலம்.
அது துடைத்தால் போகாது.

சீனா, இரண்டாயிரத்து நூறு.
பழுப்பு அட்டை, எண்ணெய்க் காகிதம்.
சீனாவில் செய்தது என்று
தன் வாயால் தானே சொன்னது.
நகத்தால் உருளை உருளையாய்த் தடவினேன்,
எங்கும் தடுக்கவில்லை.
எத்தனை நாள் வரும் என்றேன்.
கெனாதி முதல்முறையாக யோசித்தார்.
"சீலைப் பழசாகவே விட்டால் வசந்தம்வரை.
புது சீல், நல்ல கிரீஸ், நட்டை இறுக்கிவிட்டு
மயிரிழை தளர்த்தினால்...
எனக்குத் தெரியாது, பெண்ணே."

அந்தத் தெரியாததற்காகத்தான் வாங்கினேன் என்று
இப்போது தோன்றுகிறது. அப்போது
விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்:
சீல் முந்நூறு, கிரீஸ் நானூறு,
மினிபஸ்ஸில் ஒரு இருக்கை எழுநூறு.
கடன் போக ஆயிரத்து ஐந்நூறு மிச்சம்.
டீசல் எவ்வளவு இருக்கிறது என்று அவன் சொல்லவேயில்லை.

மடியில் பேரிங், ஒரு பூனைக்குட்டியின் கனம்.
ஒவ்வொரு பள்ளத்திலும் காகிதத்துக்குள்
உருளைகள் மெல்லப் புரண்டன.
முன்சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து துப்பினார்.

ஆற்றுப்பாலம் தாண்டியதும் போன் அடித்தது.
"கிடைத்ததா? பதினேழுதானே? எது வாங்கினாய்?
ஜெர்மனிதானே?"

வெளியே காற்று பலமாகத்தான் அடித்தது.
ஒரே ஒரு சொல்லை
எடுத்துக்கொண்டு போகட்டும் என்று காத்திருந்தேன்.
லைன் துல்லியமாக இருந்தது.
அவன் மூச்சுகூடக் கேட்டது.