பானட்டுக்குக் கீழே ஒரு பொத்தான்

இந்த ஊரில்
காற்றடிக்கும் நாட்களில் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அதனால் எல்லாப் பழியும் காற்றுக்கே.
புந்தா அரேனாஸில்
குப்பைத்தொட்டி கவிழ்ந்தாலும் காற்று,
கல்யாணம் நின்றுபோனாலும் காற்று.

ஒஸ்வால்தோவின் நீல நிசான்
அதிகாலை மூன்று பத்துக்கு அலறியபோதும்
காற்று என்றுதான் திரும்பிப் படுத்தோம்.
மறுநாள் இரண்டே முக்காலுக்கு.
அதற்கடுத்த நாள் இரண்டு தடவை.

அவன் நண்டு பிடிக்கப் படகேறியிருந்தான்.
ஒரு சாவி அவனோடு கடலில்.
மற்றது மனைவி நெல்தாவிடம்;
அழுத்தினால் அடங்கும்,
ஐந்து நிமிடம்.

நாலு மணிக்கு பேக்கரிக்குப் போகும் மிர்த்தா யுத்ரோவிச்
ஜன்னலைத் திறந்து
காரையும் காரின் முதலாளியையும்
அவன் வலையில் விழப்போகும் நண்டையும்
சேர்த்துத் திட்டினாள்.
கீழ்வீட்டுக்காரர் பூனை என்றார்.
பூனைக்காரர் பனி என்றார்.
நாலாவது வாரம்
யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நெல்தா என் கதவைத் தட்டினாள்.
'துறைமுகத்தில் ஒயர் வேலை பார்ப்பவள்தானே நீ?'

பானட்டைத் தூக்கினேன்.
காற்று பிடுங்கப் பார்த்தது;
நெல்தா தன் எடை முழுவதையும் கொடுத்துப் பிடித்தாள்.
பேட்டரி பதினொன்றரை வோல்ட்.
பசித்தது அழும். சார்ஜரில் போட்டேன்.
அதிர்வை உணரும் பெட்டியின் திருகை
யாரோ கடைசிவரை முறுக்கியிருந்தார்கள்:
தெருக்கோடியில் லாரி இருமினால் கேட்கும் காது.
பாதிக்குத் திருப்பினேன்.
பிறகு பூட்டருகே
நகத்தளவு பொத்தான்.
பானட் மூடினால் அமுங்க வேண்டியது,
ரப்பர் தொப்பி கிழிந்து, உப்பேறிப் பச்சை பூத்து
பாதியில் நின்றது.
மூடிய கதவைத் திறந்த கதவென்று
ராத்திரி ராத்திரியாய்ச் சத்தியம் செய்தது
இதுதான்.

பழைய டூத் பிரஷ். கொஞ்சம் ஸ்பிரே. கொஞ்சம் கிரீஸ்.
தொப்பிக்கு என் மகனின் உடைந்த பலூன்;
புதியது சாந்தியாகோவிலிருந்து வரப் பத்து நாள்.
படாரென்று மூடினேன்.
மூடியது மூடியதுதான் என்று
ஒருவழியாக ஒப்புக்கொண்டது.

கையைத் துடைத்துக்கொண்டு
சுவரைப் பார்த்த பக்கம் போனேன்.
கண்ணாடி இல்லை.
பக்கக் கண்ணாடி, கூடோடு.
இரண்டு ஒயர் மட்டும் தொங்கியது.
காற்று இவ்வளவு நேராக வெட்டாது.

'எப்போ?' என்றாள் நெல்தா.
வெட்டிய முனையில் செம்பு கறுத்திருந்தது.
ஒரு வாரமாவது இருக்கும் என்றேன்.

ஏதோ ஓர் இரவில்
அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.
நான் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு
நாளைய சாப்பாட்டுக்கு என்ன செய்வதென்று
யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அன்று ராத்திரி சத்தமே இல்லை.
மூன்று பத்துக்கு விழிப்பு வந்தது.
எழுந்து போய்ப் பார்த்தேன்.
எதிரே மிர்த்தாவும் விளக்கைப் போட்டுக்கொண்டு
காரைப் பார்த்து நின்றாள்.
முனையில் கயிறு ஆடியது.
காற்றுதான் என்று கையைக் காட்டினாள்.
இருவருமே
திரைச்சீலையை மூடவில்லை.