இடது பூட்ஸ்

இரண்டு மணிக்கு எழுதியிருக்கிறார்:
கேட் நம்பர் மூன்று. எல்லாம் சரி.
மூன்று மணிக் கட்டம் காலி.

பெல்ட் பழுது பார்க்கப் போன நான்தான்
முதலில் பார்த்தேன்.
நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி
ஹவில்தார் உத்திராபதி,
மழைக்கோட்டுப் பொத்தான் கழுத்துவரை போட்டு.
தூங்குகிறார் என்று நினைக்க வழியில்லை.
பதினோரு வருஷத்தில் அவர் தூங்கி
நானும் பார்த்ததில்லை, சூப்பர்வைசரும் பார்த்ததில்லை.

ஐப்பசி அடைமழை.
வீராணம் நிரம்பி வடவாறு கரை தொட்டு நிற்கிறது.
சேத்தியாத்தோப்பு தாண்டி வேன் வருவதற்குள்
தெருவில் இரண்டு கட்சி.

"தூக்க மாட்டோம்" என்றார் மாசிலாமணி.
அவர் சொல்வதில் நியாயம் இருந்தது.
பால் பிடித்த பயிருக்குள்
பொக்லைன் இறங்கிய அன்று
லத்தியோடு நின்ற வரிசையில்
நாலாவது ஆள் உத்திராபதி.
ஓங்கவில்லை. விலகவும் இல்லை.
முழங்கால் சேற்றில்
சொந்த மச்சான் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
அன்றிரவு வேம்பு சோறு போட்டாள்,
குழம்பு ஊற்றவில்லை.

சிதம்பரத்திலிருந்து முன்னாள் படைவீரர் சங்கம்
நாலு பேர் வந்தார்கள்,
மெடல் குத்திய கோட்டில் பாச்சா உருண்டை வாசம்.
கொடியை எப்படி மடிப்பது என்பதில்
அவர்களுக்குள் கொஞ்சம் தகராறு.

குளிப்பாட்டும்போது ஊர் பார்த்தது:
இடது காலில் இரண்டு விரல் இல்லை.
"பனி தின்னுடுச்சு" என்றார் சங்கத்துக்காரர்,
"லடாக் பக்கம், எண்பத்தேழுல."
ஆண்கள் "அப்படியா" என்றார்கள்.
பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் தூக்கியது நாங்கள்,
பெல்ட் செக்‌ஷன் ஒப்பந்தக் கூலிகள்,
ஷிப்ட் முடிந்த அழுக்கோடு.

வறட்டி ஊறிப்போயிருந்தது.
உமி கல்லாய்க் கனத்தது.
கொட்டகையைப் பிரித்துக் கொண்டுவந்த சவுக்குக் கழி
புகைந்ததே தவிர பிடிக்கவில்லை.
எரிக்க வந்த பெரியதம்பி மண்ணெண்ணெய் கேட்டான்.
யாரிடம் இருக்கிறது மண்ணெண்ணெய்,
இந்தக் காலத்தில்.

அப்போதுதான்
பெண்கள் தாண்டக்கூடாத மதகைத் தாண்டி
தையநாயகி வந்தாள். பின்னால் ஏழெட்டுப் பேர்.
ஆளுக்கொரு முந்தானை மூட்டை.
அவிழ்த்தால் பழுப்புக் கரி,
டீக்கடைக்கு விற்க
அடுப்படியில் காயவைத்திருந்த கட்டிகள்.
சுரங்கத்துக் கரி. திருட்டுக் கரி.
சங்கத்துக்காரர்கள் கொடியைப் பார்த்துக்கொண்டார்கள்.

மாசிலாமணி கேட்டார்:
"காவக்காரனுக்கே இதா?"
"அவரு காவக் காத்துக் குடுத்ததுதான்" என்றாள்.

விடிகாலை நாலரைக்கு
கம்பிவேலிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
இடது பூட்ஸைக் கழற்றுவாராம்.
இல்லாத விரலைத் தேய்த்துக்கொண்டே இருப்பாராம்.
ஐந்து நிமிஷம். சில நாள் பத்து.
மாசமாய் இருந்த ஒருத்தி வந்த நாட்களில்
கால் மணி நேரம்.
பிறகு ஒரு இருமல்.
கயிறு முடிந்து, எழுந்து, விசில்.
ஒரு வார்த்தை பேசியதில்லை.
"எங்க மொகம் அவருக்குத் தெரியாது.
அவரு குதிகாலு எங்களுக்குத் தெரியும்."

கரி பிடிக்க நேரமாயிற்று.
பிடித்தபின் மழையால் ஒன்றும் செய்ய முடியவில்லை.
மாசிலாமணி கடைசிவரை நின்றார்,
தள்ளி, குடையில்லாமல்.
மன்னித்தார் என்று நான் எழுதினால்
அடிக்க வருவார்.

மறுநாள் பார்த்தால் அவ்வளவு சாம்பல்.
ஒரு ஆளுக்கு அது அதிகம்.
பிரிக்கத் தெரியாமல் மொத்தமும் அள்ளிப்போய்
கொள்ளிடத்தில் விட்டோம்.

மூன்றாம் கேட்டில் இப்போது
பீகாரிலிருந்து ஒரு பையன்.
நல்ல பையன்தான்.
பத்து விரலும் இருக்கிறது.
பூட்ஸைக் கழற்றுவதே இல்லை.