கோட்டின் தடிமன்

ஆரம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்
என் ஜெராக்ஸ் கடை.
ஆந்திரா பஸ் திரும்பும்போதெல்லாம்
கண்ணாடி அதிரும்.

சரணாலய எல்லை, வரைவு அறிவிக்கை,
ஆட்சேபனைக்கு அறுபது நாள்.
ஐம்பத்தெட்டாம் நாள் தேசப்பன் கொண்டுவந்தார்,
இறால் வாடை அடிக்கும் பிளாஸ்டிக் உறையில்.
இங்கிலீஷில் பதினொரு பக்கம்,
கடைசியில் ஒரு வரைபடம்.
உள்ளங்கை அளவு ஏரி. குறுக்கே ஒரு கோடு.

"நம்ம பாடு கோட்டுக்கு உள்ளயா வெளியயா?
பெருசு பண்ணிப் பாரு."

நூற்று நாற்பது சதவீதம் வைத்தேன்.
வந்ததை வைத்து இன்னொரு நூற்று நாற்பது.
ஊர் தெரியும் என்று நாலு பேர் குனிந்தார்கள்.
பெரிதாக்கப் பெரிதாக்கக்
கோடுதான் பெருத்தது.

மூலத்தில் ஸ்கேல் வைத்துக் கணக்குப் போட்டேன்:
காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர்,
தண்ணீரில் ஐம்பது மீட்டர்.
அதற்குள்ளேயே வலை கட்டலாம்.
கட்டினால் குற்றமா என்பது
பேனா முனையைத் தேர்ந்தவனுக்குத்தான் தெரியும்.

பறவைக்கு ஏது எல்லை என்றேன்,
எல்லோரும் சொல்வதுதானே.
டீ குடிக்க வந்த வாட்சர் வெங்கடாத்திரி சிரிக்கவில்லை.
"கோடில்லாத பக்கம் போய்ப் பாருங்க.
எங்க சித்தப்பா உப்பளத்துல இப்போ
இறால் பண்ணை, கம்பி வேலி, நாய்."

தேசப்பன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு,
"கோடு வேணாம்னு எழுதாதே.
எங்கேன்னு கேட்டு எழுது."

எழுதினேன். தலைக்கட்டு நூற்றுப் பன்னிரண்டு,
சீட்டுக் குலுக்கிப் பாடு பிரிக்கும் முறை,
குலுக்கிய நாள், சாட்சிகள்.
கையெழுத்து வாங்கவே ஒரு பகல் போனது.

கடையை மூடும்போது செஞ்சம்மா வந்தாள்.
சீட்டில் அவள் பெயர் என்றுமே இருந்ததில்லை.
வாயில் பறியைக் கவ்விக்கொண்டு
இடுப்பளவு நீரில்
கையால் துழாவி இறால் பிடிப்பவள்.
"கோடில்லாம ஒண்ணு போட்டுத் தாப்பா."

ஒயிட்னர் தடவி, உலர ஊதி,
பொத்தானை அழுத்தினேன்.
வந்தது ஏரி.
நடுவே வெள்ளையாய் ஒரு தடம்,
கோட்டைவிட அகலம்.
அதன் கீழிருந்த மேடும் ஓடையும்
சேர்ந்தே போயிருந்தன.

வெள்ளையில் விரலை ஓட்டி
ஒரு இடத்தில் நிறுத்தினாள்.
"ஐப்பசியில இங்கதான் நிப்பேன்.
இதையும் அவங்க காகிதத்தோட அனுப்பு."

ரெண்டு ரூபாய் வைத்தாள், ஈரமாய்.

மனுவின் கீழே
'இணைப்பு: ஒன்று' என்பதை அடித்து
இரண்டு என்று திருத்தினேன்.