வலப்பக்கக் கோடு

டொரொண்டோவிலிருந்து சுகிர்தன் அனுப்பியிருக்கிறான்
கட்டங்கட்டமாய் ஒரு வம்சப் படம்.
தாய், தாயின் தாய், அவளுக்குத் தாய்.
ஐந்தாவது கட்டம் வெறுமை.
‘மச்சாள், கோயில் கொப்பி உங்கட அலுமாரியிலதானே,
பாத்து நிரப்புங்க.’

தம்பி வண்ணக்கர். கொப்பி என்னிடம்.
பார்க்காமலே தெரியும் எனக்கு.

எங்கள் பக்கத்தில் குடி தாயோடு வரும்.
வயல் வரும், வளவு வரும், வீட்டுத் திறப்பு வரும்.
அப்பன் கள்ளன் என்றால் அவனோடு போயிற்று.
தாய் கள்ளி என்றால்
சடங்கு முடிந்து குடி கூப்பிட்டு
வட்டா நீட்டும்போதெல்லாம்
ஊர் ஒருமுறை இருமும்.

அதனால் அவளை மாற்றினார்கள்.
எப்படி என்று சொல்ல
முதலில் மாட்டைச் சொல்ல வேண்டும்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில்,
மகாராணி தலை பொறித்த காசு ஓடிய காலம்.
காட்டுக்கும் வட்டைக்கும் நடுவே வேலி கிடையாது.
மாட்டுக்கு உறுதி அதன் தோல்தான்.
பெரிய போடியாரின் குறி ‘ட’.
நின்ற கோடு ஒன்று, கிடந்த கோடு ஒன்று.
எண்ணூறு தொடையில் எண்ணூறு ‘ட’.

அவளிடம் இருந்தது ஒரு நேர்க்கம்பி,
ஒரு சாண்.
தாந்தாமலைக் காட்டோரம் வீரை விறகு மூட்டி
வலப்பக்கம் ஒரு சூடு.
‘ட’ ‘ப’ ஆயிற்று.
விடியும்போது பட்டி அவளுடையது.

கூட நின்றவர்கள்
தம்பி சாமித்தம்பி, யானைத் துவக்கு ஒன்று,
கொண்ட புருஷன், விட்ட புருஷன்.
இருவரும் ஒரே வாடியில் படுத்தார்களாம்.
அதைப் பற்றி வழக்கில் ஒன்றுமில்லை.

நல்லவள் என்று எழுத எனக்கும் ஆசை.
இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்கு ஈந்தாள் என்று.
கச்சேரிக் கடதாசி விடவில்லை:
களவு போனவற்றில் பதினேழாம் இலக்கம்,
கைம்பெண் ஒருத்தியின் எருமை நாகு.
அவளுக்கு இருந்ததே அது ஒன்றுதான்.

நாலு தரம் பிடியாணை.
நாலு தரமும் விதானையார் காட்டுக்குப் போய்
தயிர் முட்டியோடு திரும்பினார்.
அம்பிளாந்துறை ஓடக்காரனின் வாக்குமூலம்:
‘மாரி இருட்டு, ஐயா.
நீந்திப் போன தலைகள் எல்லாம் மாட்டுத் தலைகள்.
ஒன்றுக்கு மட்டும் கொண்டை இருந்தது.’
கடைசித் தாளில் மூன்றே சொல்:
ஆள் இன்னும் அகப்படவில்லை.

மறுகா ஊர் அவளை விட்டது.
வீடு விடவில்லை.

கொப்பியில் அந்த இடத்தில் இருக்கும் பெயர் சபையம்மை.
எங்கள் குடியிலே, ஏன், துறைக்கு இக்கரையிலும் அக்கரையிலும்
வேறு எந்தப் பெண்ணுக்கும் கேட்டிராத பெயர்.
கூட்டம் கூடிப் பெயர் வைத்ததுபோல.
சின்ன வயதில் எனக்கு அவள் மேல் மரியாதை கூட.

போன வருஷம் கறையான் தட்டும்போது
கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன்.
‘ச’ பழுப்பு மை.
‘ய’ பழுப்பு மை.
நடு எழுத்துக்கு வலப்பக்கம் நின்ற கோடு மட்டும்
கறுப்பு.

சடையம்மை.

எவர் செய்தாரோ.
மகளாகத்தான் இருக்கும்;
கை நடுங்காமல் இழுத்திருக்கிறாள்.
கம்பி பிடித்துப் பழகிய கை,
பேனையை எப்போது பிடித்ததோ.
தாய் காட்டிய வித்தையைத்
தாய்க்கே போட்டுப் பார்த்திருக்கிறாள்.
சூடு ஆறும்வரை மாடு கத்தும்.
எழுத்துக்கு அதுவும் இல்லை.

சுகிர்தன் மறுபடி கேட்கிறான்:
‘பெயர் கிடைச்சதா? தொழில் என்று ஒரு கட்டம் இருக்கு,
அதையும் போடுங்க.’

பெயரை இரண்டு தரம் தட்டி அழித்தேன்.
மூன்றாம் தரம் ‘ட’.

தொழில்: பட்டி வைத்திருந்தாள்.

யாருடையது என்று
அவன் கேட்கவில்லை.